எனக்கு முதல் வாசித்தவர்

ஒட்டுசுட்டான் நூலகத்தில் இந்த மாதம் மூன்று எடுத்தேன்.

நாவலில், மார்கழி மழைக்குள்
பாலைப்பழம் பொறுக்குகிறாள் கதாநாயகி.
எழுதினவர் இந்தப் பக்கம் வந்தது
பஸ்ஸுக்குள் நித்திரையாகத்தான் இருக்கும்.
ஆனாலும் தமக்கையோடு அவள் பிடிக்கிற சண்டை
அச்சொட்டாய் எங்கள் வீடு.
அதற்காக விட்டுவிட்டேன்.

கவிதைத் தொகுப்பில்
நாற்பத்தொரு இடத்தில் குருதி,
ஓரிடத்திலும் பசி இல்லை.
எண்ணினது நானில்லை,
எனக்கு முதல் வாசித்தவர்.
ஓரமெல்லாம் பென்சில் கோடு.

அதே கைதான் மூன்றாவதிலும்.
பனி கொட்டும் தேசத்து மொழிபெயர்ப்பு, அறுநூறு பக்கம்.
வாளித் தண்ணீருக்குள் கால் வைத்தபடி வாசித்தேன்,
அப்படி ஒரு வெக்கை.
தபால்காரன் தன் குதிரையை விற்றுவிட்டு வந்து
விலையைப் பற்றியே பேசுகிற இடத்தில்
‘பொய்’ என்று குறிப்பு.

பொய்யில்லை.
உழவு மெசினை விற்ற அன்று
அப்பாவும் விலையைத்தான் கதைத்தார்,
விடியும்வரை.
அதைக் கீழே சின்னதாய் எழுதினேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு
பென்சில் இல்லை.
அலுத்துவிட்டதா, கண் பார்வையா,
தவணை முடிந்ததா?
ஆரென்று கேட்டால்
நூலகர் பவளராணி சொல்லமாட்டா.

மிச்சத்தைத் தனியத்தான் வாசித்து முடித்தேன்.

அந்தக் குதிரை பிறகும் ஒருக்கால் வருகிறது.
ஐந்நூற்றெண்பதாம் பக்கம்.