மஞ்சள் கடுதாசி எண் பதினேழு

மனுதாரர் ஜலேந்திரன், பேரணாம்பட்டு ரோடு, குடியாத்தம்.
எட்டு மெஷின் போட்டு ஷூ அப்பர் தைத்துக் கொடுத்தவர்.
இப்போது இன்னொருவர் மெஷினில்,
ஜோடிக்கு இவ்வளவு என்று.

வருமானம் பதினான்காயிரத்து இருநூறு.
செலவு பதினான்காயிரத்து இருநூறு.

இருபத்திரண்டு வருஷமாகச் சத்துவாச்சாரி கோர்ட்டில்
பிறர் வீட்டு அரிசியை எண்ணுகிறேன்.
வரவும் செலவும் இப்படி
ஒட்டிப் பிறந்த பிள்ளைகளாய் நின்ற வீடு
ஒன்றுகூடக் கண்டதில்லை.

பேனாவைத் திறந்தேன்.
வாடகை மூவாயிரத்து ஐந்நூறு. சரி.
மளிகை நாலாயிரத்து நூறு, மூன்று வயிறு. சரி.
தண்ணீர் கேன் முந்நூறு.
கவுண்டன்யா ஆற்றை எட்டிப் பார்க்கும் வீடு. இருந்தும் சரி.
மனைவிக்கு பிரஷர் மாத்திரை, பில் இணைப்பு.
கோழித் தீவனம் நூற்றிருபது.
சொத்துப் பட்டியலில் கோழி இல்லை.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
சோப்பு உண்டு, முடிவெட்டு உண்டு,
டீ மட்டும் எங்குமில்லை.
அதற்கும் ஒன்று.

விசாரணை அன்று வெயில் நூற்றேழு.
கடன் கொடுத்த பதினோரு பேரும்
ஒரே ஃபேனுக்குக் கீழே.

"டீ குடிக்கிற பழக்கம் உண்டா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
"உண்டுங்க. ரெண்டு, வேலை எடத்துல குடுத்துருவாங்க.
வாய்தா அன்னிக்கு இங்க ஒண்ணு."
"இங்க குடிச்சதுக்கு எந்தக் காசு?"

ஜலேந்திரன் திரும்பி பெஞ்சைப் பார்த்தார்.
அங்கே ஏழாம் எண்,
சொல்யூஷன் கடை முனவர் பாஷா,
பாக்கி ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
"அண்ணன் வாங்கித் தருவாரு."

வக்கீல் தன் கட்சிக்காரரை முறைத்தார்.
"ஒரே பஸ்ல வரோம் சார்.
எதிர்ல வெச்சிகினு நான் மட்டும் இன்னான்னு குடிக்கிறது?"

"சரி, கோழி?"
"பொண்ணோடது. அது சொத்தான்னு தெரியலீங்க.
முட்ட வெக்கிறதில்ல."

அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
அந்த டீ வருமானமா,
நூற்று எண்பதின் மேல் ஏறிய கடனா?
இரண்டு முறை எழுதி இரண்டு முறை அடித்தேன்.
கோழிக்கு எதிரே 'மதிப்பில்லை' என்று போட்டுக்
கையெழுத்திட்டேன்.

ஐந்தே முக்காலுக்கு வெளியே வந்தபோது
குடியாத்தம் பஸ் ஜன்னலுக்குள் கை நீட்டி
யாரோ ஒருவர் கர்சீப் போட்டு
இரண்டு சீட் பிடித்துக்கொண்டிருந்தார்.
எந்தப் பக்கத்து ஆள் என்று
நின்று பார்க்கவில்லை.