ஐந்து காலில் நிற்பது

கொடுங்கையூரில் வீட்டு டிரம்களிலிருந்து
கரண்டியால் மொண்டுவந்த புழுக்களுக்கு
ஆய்வகத் தட்டில் சிறகு முளைத்தது.
குழாய்க்கு இருபத்தைந்து. பெண்கள் மட்டும்,
ரத்தம் இன்னும் ருசிக்காதவை.
மருந்துக் காகிதத்தோடு ஒரு மணி நேரம்.

பத்தாம் நிமிடம் மூன்று கவிழ்ந்தன.
நாற்பதில் பத்தொன்பது.
கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.
பிறகு சுத்தமான குழாய், சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சு,
மேலே ஓர் ஈரத்துண்டு.

மறுநாள் பார்த்தால் பதினாறு எழுந்துவிட்டன.
கால் போனாலும் பறந்தால்
உயிர் என்றுதான் எழுத வேண்டும்.
ஒன்று ஐந்து காலில் நின்று
பஞ்சை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.
மருந்தே படாத குழாயில்
ஒன்று செத்துக் கிடக்கிறது.
அதற்குப் படிவத்தில் கட்டம் உண்டு,
காரணம் கிடையாது.

சாயங்காலம் எங்கள் தெருமுனையில்
புகை மெஷினை இறக்கிவைத்துத்
தேவநேசன் கேட்டான்:
"இன்னாக்கா, சாவுதா?"
அவன் டாங்கில் அதே மருந்து.
அறிக்கை திங்கட்கிழமைதான் போகும்.
"மூக்கைக் கட்டிக்கோப்பா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும்
டிரம்மைச் சாய்த்துக் கவிழ்த்தேன்.
லாரித் தண்ணீர். அடுத்த நடை வெள்ளிக்கிழமை.
வாசல் தாண்டி ஓடிய தண்ணீரையும் என்னையும்
எதிர்வீட்டு சகாயராணி
குடத்தோடு நின்று
மாறிமாறிப் பார்த்தாள்.