கொல்லைவழி

கிளைபேடா துறைமுகத்தில்
எட்டாம் எண் கிரேனுக்கு அறுபத்திரண்டு படி.
ஜிவிலே எண்ணியது கிடையாது.
அவள் முழங்கால் எண்ணியிருக்கிறது.

காலை ஒன்று, மாலை ஒன்று,
காற்று வடமேற்கிலிருந்து அடித்தால் இன்னொன்று.
வெள்ளை மாத்திரை.
கையுறைக்குள்ளேயே வைத்திருப்பாள்.

மாத்திரைக்கு ஆள் அடையாளம் தெரியாது.
முழங்காலில் நெருப்பு மூட்டுகிறவனும்
வயிற்றுச் சுவருக்குத் தினம் பூச்சுப் பூசுகிறவனும்
அண்ணன் தம்பி, ஒரே முகச்சாடை.
இருவர் கையையும் சேர்த்துக் கட்டிப்போட்டது.
வலியைப் பிடுங்கப் போனது
வேலியையும் பிடுங்கிற்று.

வலிக்கவில்லை. அதுதான் மோசம்.
புண் போட்ட கூச்சலையும்
அந்த மாத்திரையே விழுங்கிவிட்டது.
தார்க் கறுப்பாக வெளியேறியபோது
ரை ரொட்டி என்றாள், பீட்ரூட் சூப் என்றாள்,
துறைமுகத்தில் எதுதான் கறுப்பில்லை என்றாள்.
நாற்பத்தோராம் படியில் தலை சுற்றியது.

குழாயை இறக்கியது டாக்டர்.
அவள் தாடையைப் பிடித்திருந்தது நான்.
திரையில் பார்த்தேன்:
இளஞ்சிவப்புச் சதையில்
யாரோ சிகரெட் அணைத்த மாதிரி ஒரு குழி,
ஓரத்தில் கசியும் புள்ளி.
கிளிப் போட்டோம். பனிரெண்டு நிமிடம்.

மறுநாள் கொடுத்த காப்ஸ்யூலைப்
பிரித்துப் பார்த்துவிட்டாள். உள்ளே கடுகைவிடச் சின்ன மணிகள்.
'வயிற்று மருந்துதானே, வயிற்றில் கரையாதா?'
கரையக் கூடாது, என்றேன்.
அமிலம் பட்டால் செத்துவிடும்,
அதனால் மேலே ஒரு ஓடு.
புயலுக்கு மறுநாள் நம் கரையில் ஒதுங்குமே அம்பர்,
அதற்குள் பூச்சி இருக்குமே, அப்படி.
வயிற்றைத் தெரியாதவர் வீடு போலக் கடந்து
குடலில் ஓட்டைக் கழற்றி
இரத்தத்தில் ஏறி
அதே வீட்டுக்குக் கொல்லைவழியாக வரும்.

'சுங்கத்துக்குத் தெரியாமல் இறக்கும் சரக்கு' என்றாள்.
சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவளிடம் சொல்லாதது ஒன்று:
எந்த அமிலத்துக்கு அஞ்சி ஒளிந்து வந்ததோ
அதே அமிலம், ஊறும் அறைக்குள்ளேயே, தொட்டதும்தான்
அது பூட்டாகிறது.
ஊறுகிற பம்புகளில் போய் விழுகிறது.
உறங்குகிறவற்றை அதற்குப் பூட்டத் தெரியாது.
ஆகவேதான் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு.

எட்டு வாரத்தில் குழி மூடியது.
முழங்கால் மூடவில்லை.
வெள்ளை மாத்திரை திரும்பி வந்தது,
குறைந்த அளவில், துணைக்கு ஆளோடு.

விடியற்காலை ஆறுக்கு விழுங்கிவிட்டு
கிரேன் கூண்டில் காத்திருப்பாள்.
மடியில் ரொட்டி.
கீழே இன்னும் விளக்கணைக்காத கப்பல்.
'பசிக்கிறது' என்று எனக்குச் செய்தி அனுப்புவாள்.
வெறும் பசி. வேறொன்றுமில்லை.
இப்போது வித்தியாசம் தெரிகிறது.

இன்று காற்று வடமேற்கு.
மூன்றாவதை எடுத்தாளா என்று
நான் கேட்கவில்லை.