வாளிக்காரி

ஏழு மணிக்கு முன்னாலேயே நான் இறங்கிவிடுவேன்.
இரண்டு வாளி. ஒன்றில் தண்ணீர்,
இன்னொன்றில் மூன்றாவது மாடி யோகலட்சுமி
பால்கனியை இடித்துக் கட்டியபோது மிஞ்சிய மணல்.
கொளத்தூரில் எங்கள் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல்,
அதிலும் பாதி ஸ்கூட்டர்களுக்கு.
தீபாவளியன்று மட்டும் அவற்றைத்
தெருமுனைக்குத் தள்ளிவிட்டு வரவேண்டும்.
எல்லாரும் முனகுவார்கள். தள்ளுவார்கள்.

"வாளி ஆன்ட்டி வந்தாச்சுடா" என்று
பிள்ளைகள் பல்லைக் கடிப்பார்கள்.
கார்குழலியைப் பளபளக்கும் பாவாடையை மாற்றிவரச் சொல்வேன்.
அழுதுகொண்டே போய்
பருத்திச் சீருடையில் இறங்கி வருவாள்,
காலில் பி.டி. பீரியடு வெள்ளை ஷூ.
அவள் என்னைப் பார்க்கிற பார்வையில்
பத்தாயிரம் வாலா ஒன்று வெடித்து முடியும்.

அவளிடம் சொன்னதில்லை.
வியாசர்பாடியில், எனக்குப் பதினொரு வயதில்,
தீபாவளிக்கு மறுநாள் விடிந்ததும் தெருவெல்லாம் பொறுக்கினோம்
வெடிக்காமல் போனவற்றை,
நானும் எதிர்வீட்டு ஸ்டீபனும்.
பிரித்துக் கொட்டினால் செய்தித்தாளில்
சாம்பல் நிற மருந்து, ஒரு பிடிகூட இல்லை.
"நீ வை" என்றான். "நீ வை" என்றேன்.
நான்தான் வைத்தேன்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை.
காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அது.
கைக்குப் பேனா மை ஊற்றினார்கள்.
பிறகு பற்பசை. பிறகு யாரோ இட்லி மாவு.
தெருக்குழாய் பத்தடி தூரத்தில்
சொட்டிக்கொண்டே இருந்தது.

கை பிழைத்துவிட்டது. சமைக்கிறேன்,
மருந்துக்கடையில் நாள் முழுக்க பில் போடுகிறேன்.
ரேஷன் கடை இயந்திரத்துக்குத்தான் என்னைத் தெரியாது.
மாதாமாதம் பெருவிரலை வைப்பேன்.
மீண்டும் முயலச் சொல்லும்.
மீண்டும்.
வரிசையில் யாராவது, "துடைச்சிட்டு வைம்மா" என்பார்கள்.
துடைத்துவிட்டு வைப்பேன்.

இந்த வருஷம் ஏழேகாலுக்கு
லட்சுமி வெடி ஒன்று நடுவாசலில் அடங்கிப்போனது.
திரி இல்லை. நூல் மாதிரிப் புகை.
முதல் மாடி ஆபிரகாம் சார்
ஊதுவத்தியோடு குனியப் போனார்.
நான் போட்ட கத்தல் எனக்கே புதிது.
"நமுத்துப்போனதும்மா, நேத்து மழை."
"நமுத்ததாவே இருக்கட்டும் சார். தள்ளி நில்லுங்க."

ஒன்றுமே நடக்காததைப் பார்த்துக்கொண்டு நிற்பது
எத்தனை சிரமம்.
பக்கத்துத் தெருவில் ராக்கெட் ஏறியது,
யாரும் நிமிரவில்லை.
யோகலட்சுமி செல்போனில் நேரம் பார்த்தாள்,
எட்டு மணிக்கு மேல் வெடிக்க அனுமதி இல்லை.
சாப்பாடு கொண்டுவந்த பையன் ஒருவன்
பைக்கை அணைத்துவிட்டு
ஹெல்மெட்டைக் கழற்றாமல் எங்களோடு நின்றான்.
யாருடைய பிரியாணியோ ஆறிக்கொண்டிருந்தது.

அது வெடிக்கவே இல்லை.

அரைமணி கழித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு
கை எட்டுகிற தூரத்திலிருந்து வாளியைக் கவிழ்த்தேன்.
தாள் ஊறிப் பிரிந்தது.
லட்சுமி ஒருக்களித்து மிதந்தாள்,
தாமரையின் சிவப்பு அவள் கன்னமெல்லாம் வழிய.
"இதுக்குத்தானா?" என்றது ஆபிரகாம் சாரின் முகம்.
இதுக்குத்தான்.

வாளியை மறுபடி நிரப்பி வைத்தேன்.
கார்குழலி, எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியை
வீசப் போனவள், என்ன நினைத்தாளோ,
தண்ணீரில் விட்டாள். சுர்ரென்றது.
குனிந்து பார்த்தாள்.
அந்தச் சத்தத்துக்காகவே இன்னொன்று கேட்டாள்.
அதன் பிறகு பூவைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை,
எப்போது எரிந்து தீரும் என்றே நின்றாள்.

மறுநாள் தேய்த்துக் கழுவித்தான்
துணி ஊறவைத்தேன் அதே வாளியில்.
அப்படியும் அவர் வெள்ளைச் சட்டைக் காலரில்
வெள்ளி நிறத்தில் ஒரு கோடு.
ஆபீஸில் யாராவது கேட்டால்
மத்தாப்பு என்று சொல்லிக்கொள்ளட்டும்.