ஆறாவது கண்ணாடி

தார்த்து நகரம், பட்டாணித் தெரு, மரவீடு.
பிளாஸ்டிக் சன்னல் கூடாதென்று
நகராட்சிக் கடிதம் மூன்று முறை வந்த பிறகுதான்
ரைவோ என்னைக் கூப்பிட்டார்,
கடுகடுவென்று.

நல்ல பைன் மரம். கீழ்க்கட்டை மட்டும் உளுத்திருந்தது;
உளியை வைத்ததும் எறும்புகள் வழிவிட்டன.
இரட்டைச் சன்னலுக்கு நடுவே
எந்தக் குளிர்காலத்துக்கோ திணித்த பஞ்சு,
அதில் செத்தும் கோபம் தீராத ஒரு குளவி.

சுரண்டினேன்: வெள்ளை, பச்சை, காவி,
மறுபடியும் வெள்ளை.
மக்கு கல்லாய் இறுகியிருந்தது. விளக்குச் சூட்டில்
ஐந்து கண்ணாடிகள் இணங்கி வந்தன.
ஆறாவது
என் கட்டைவிரலுக்கடியில்
டிக் என்றது.

நூறு வயது அலைக்கண்ணாடி அது.
கடையில் கிடைத்ததோ தட்டை.

"கூலியில் கழித்துக்கொள்ளுங்கள்."
பதில் இல்லை.
வெளியே தபால்காரி சைக்கிளில் வந்தாள்:
ஐந்து சதுரங்களில் நெளிந்தாள், முறிந்தாள்,
ஓரிடத்தில் மூன்று சக்கரம்.
ஆறாவதில்
சும்மா ஒரு பெண், கையுறையால்
மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ரைவோ குனிந்து பார்த்தார்.
"மூன்று கடிதத்துக்கும்
நான் கத்தியது இவளிடமா?
சின்னப் பெண்ணாக இருக்கிறாளே."

பிறகு கூலியைப் பற்றிப் பேசினோம்.