ஒன்றுக்கு இருநூறு

தணிகாசலம் சார்,
மாதிரி தயார்.
உங்கள் மாதவரம் டவர்கள் ஐந்தும்
அக்ரிலிக்கில் நிமிர்ந்து நிற்கின்றன.
நீச்சல் குளத்துக்கு நீல ரெசின் ஊற்றி
இரண்டு நாள் தூசி விழாமல் மூடிவைத்தேன்.
மரங்களெல்லாம் ஸ்பாஞ்ச்.
உண்மையில் அந்த மனையில்
ஒரேயொரு வேலிகாத்தான்தான் நிற்கிறது,
அதை நீங்கள் கேட்கவில்லை.

ஒன்றுக்கு இருநூறு என்ற அளவில்
ஓர் ஆள் ஒரு பாஸ்மதி அரிசி நீளம்.
ஆளோட்டம் தெரியணும் என்றீர்கள்.
இடுக்கியால் ஒவ்வொருவராக எடுத்து ஒட்டினேன்:
கேட்டில் செக்யூரிட்டி,
சி பிளாக் நிழலில் இஸ்திரி வண்டிக்காரர்,
கார் துடைக்கும் பையன்,
லிஃப்ட் வாசலில் துடைப்பத்தோடு ஒருத்தி.

பசை காயக் காத்திருந்தபோது பிலோமினா வந்தாள்,
என் பட்டறையைப் பெருக்குகிறவள்.
விடிய நாலு மணிக்கு எழுந்து
இரண்டு பஸ் மாறி வருகிறவள்.
குனிந்து பார்த்தாள்.
"இதுல நான் எங்கக்கா இருக்கேன்?"
துடைப்பக்காரியைக் காட்டினேன்.
"அது வேலை செய்யுற இடம்.
இருக்கிற இடம் எது?"

நாலடிப் பலகை சார்.
அதற்கு அப்பால் என் மேஜைதான்,
டீ கிளாஸ், உப்புத்தாள், மூடி தொலைந்த ஃபெவிகால்.
இந்த அளவில் பஸ் ஓடாது.
ராத்திரி விளக்கணைத்த பிறகு
அரிசி நீள மனிதர்கள் அங்கேயேதான் நின்றார்கள்.

அதனால் ஆறாவதாக ஒன்று வைத்திருக்கிறேன்.
சின்ன வீடுகள், தலா முந்நூற்றெண்பது சதுர அடி,
துணி காயப்போட ஒரு பால்கனி.
பின்பக்கக் குப்பைத்தொட்டி ஓரத்தில் அல்ல,
தனிவாசலும் இல்லை.
அதே கேட், அதே விளையாட்டுத் திடல்,
அதே ஸ்பாஞ்ச் மரத்தின் நிழல்.
இப்படிக் கட்டுகிறவர்களுக்கு
மேலே கூடுதலாகத் தளம் தருவதுண்டாமே,
உங்கள் ஆர்க்கிடெக்டைக் கேளுங்கள்.
அந்தக் கணக்கு உங்களுடையது.
எனக்கு ஒட்டத்தான் தெரியும்.

இதை ஒட்டக்கூட இல்லை.
அடியில் இரண்டு காந்தம், அவ்வளவுதான்.
பிடிக்காவிட்டால் ஒரு விரலால் எடுத்துவிடலாம்.
ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்:
வயர் போதவில்லை,
ஆறுக்கும் ஒரே இழையாக விளக்குப் போட்டிருக்கிறேன்.
கோயில் திருவிழா சீரியல் செட் பார்த்திருப்பீர்கள்,
ஒரு பல்பைப் பிடுங்கினால்
மற்றவையும் அணைந்துபோகும்.
சத்தியமாக வேண்டுமென்று செய்ததல்ல.

வியாழக்கிழமை வண்டி அனுப்புங்கள்.
ஆறாவதுக்கு பில்லில்
எதுவும் சேர்க்கவில்லை.