நிறுத்தத்தான் கயிறு

வவுனியாவில் அந்த வெள்ளை டபிள் கப்பின் கதவைத் திறந்ததும்
அது எங்களுக்கு வணக்கம் சொன்னது, ஆங்கிலத்தில்.
இன்பமலர் சிரித்துப் பதில் வணக்கம் சொன்னாள்.
சங்கத்தின் பொருளாளர் அவள்.
காசு அவள் மடியில், துணிப்பையில்,
ஒன்பது பெண்களின் பதினெட்டு மாதப் பால்.

திரையைத் தொட்டால் குளிர் வருமாம்.
மழை விழுந்தால் தானே துடைக்குமாம்.
பிழை ஏதும் என்றால் மஞ்சளாய் ஒரு விளக்கு எரியுமாம்.
"எரிஞ்சால்?" என்றேன்.
"கொண்டு வாங்கோ, கொம்பியூட்டரில போட்டுப் பாப்பம்"
என்றார் ஜெபநேசன்.

கொண்டு வாறதாம்.
முத்தையன்கட்டுக்குப் பின்னால், கார்த்திகையில்,
வீரைக் காட்டுக்குள், இரண்டு எருமைப்பட்டிக்கு நடுவே
விளக்கை எரியவிட்டு அது படுத்துக்கொண்டால்
கலனுக்குள் பால் எத்தனை மணிக்குத் திரையும் என்று
அந்தத் திரைக்குத் தெரியுமா?
கேட்கவில்லை. பின்வளவுக்குப் போனேன்.

வேலியோரம் கோழி அடைகிற பழைய ஜீப்.
என்னைவிட இரண்டு வயது மூப்பு.
பச்சை, அதன்மேல் நீலம், அதன்மேல் துரு.
பொனற்றைத் தூக்கினால் எஞ்சினைச் சுற்றி நிலம் தெரிந்தது.
ஒரு பம்ப். நாலு குழாய். நாலு நொசில்.
எண்ணி முடித்துவிடலாம்.
ஒன்று அழுதால் எது என்று
விரலால் தொட்டுச் சொல்லிவிடலாம்.

"தங்கச்சி, இது சாமானுக்கு வெட்ட வச்சிருக்கிறது."
டைனமோவை முன்னமே யாரோ கழற்றிப் போயிருந்தார்கள்.
ஒரு பொடியன் லொறிப் பற்றறி கொண்டுவந்து கொளுவினான்.
ஹீற்றர் சிவக்க இருபது எண்ணினேன்.
இரண்டு முறை இருமி, மூன்றாவதில்
கரும்புகையோடு பிடித்துக்கொண்டது.
கோழிகள் வழக்குப் பேசின.

பிறகு சாவியை வாங்கி
பற்றறி வயர் இரண்டையும் கழற்றினேன்.
ஹோர்ண் செத்தது. விளக்குச் செத்தது.
மீற்றரின் முள் பூச்சியத்தில் விழுந்தது.
எஞ்சின் ஓடியது.
யாரையும் கேட்காமல்
ஓடியது.

மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து
இப்படி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டு ஓடிய கதையை
அங்கே நான் எடுக்கவில்லை.
எடுத்தால் ஜெபநேசன் விலையை ஏற்றுவார்.

நிறுத்தத்தான் ஒரு கயிறு, ஸ்ரீயரிங்குக்குக் கீழே.
இன்பமலர் வந்து இழுத்தாள். நின்றது.
என்னைப் பார்த்தாள்.
"கிளச்சு?"

நான் மறந்தே போனேன்.
அவளுடைய இடது கால், முழங்காலுக்குக் கீழே,
ஜெய்ப்பூர்க் கால்.
வெள்ளை டபிள் கப்பில் கிளச்சே இல்லை.
அவள் சிரித்தது வணக்கத்துக்கு அல்ல.

ஒன்றும் பேசாமல் ஏறி இருந்து
தொடையால் மிதித்தாள்.
பாதி போனது, றப்பர்ப் பாதம் வழுக்கியது.
மறுபடி. வழுக்கியது.
"அடி எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றாள்,
கிளச்சுக்குச் சொல்வதுபோல.

வெள்ளையை எடுப்போம் என்றேன். மனதாரத்தான்.
அவள் இறங்கி, பொனற்றுக்குள் குனிந்து
கனநேரம் நின்றாள்.
"இதில எதையும் ஒட்டலாம், என்ன?"

ஒட்டுசுட்டானில் வெல்டிங் போடுகிற கடாட்சம்
ஓட்டைக்கலன் ஒன்றின் கைபிடியை அறுத்து
கிளச்சின் மேல் வளையமாய் ஒட்டினான்,
தண்டை நாலு விரற்கடை நீட்டினான்.
பாதம் உள்ளே போய் இருந்தது.
இரண்டாயிரம் கேட்டான். பொருளாளர் ஆயிரத்து எழுநூறு கொடுத்தார்.

குறை சொல்ல நிறைய இருக்கிறது.
ஸ்ரீயரிங் முரட்டுக் கிடாய். மழை இரண்டு பக்கத்தாலும் வருகிறது.
சத்தத்தில் ஒருவரோடொருவர் கதைக்க முடியாது,
அதில் பாதிச் சண்டை குறைந்தது.
பற்றறி இன்னும் வாங்கவில்லை.
பட்டிகளில் பால் அளக்கும்வரை அவள் ஓடவிடுகிறாள்;
எருமைகள் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை.

பின்னேரம், குளக்கட்டின் சரிவில்
மூக்கைக் கீழே வைத்து ஜீப்பை விட்டு
கயிற்றை இழுக்கிறாள்.
சில்லுக்குக் கல் வைப்பது நான்.
காலையில் கல்லை எடுப்பதும்.